மாப்பிள்ளை முனை, மச்சான் முனை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். நான் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறேன், நடுவில் டீயும் குடிக்கிறேன். இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமென்றால், நடந்ததையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த நண்டு ஒன்று இருந்தது. அதைக் கடைசியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் கப்பல் உடைக்கும் களம். தெருவின் வலது கையில் வரிசையாகத் தகரக் கொட்டகைகள், இடது கையில் வீடுகள், நேர் எதிரே கடல். வயதாகிப்போன கப்பல்களை, ஓதம் பெருகிக் கடல் ஏறும் நாளில் கரைக்கு ஓட்டி வந்து மணலில் முட்ட வைப்பார்கள். பிறகு எறும்பு மொய்த்த வெல்லக்கட்டிதான். காஸ் விளக்கு வைத்து வெட்டுகிறவன், சங்கிலி இழுக்கிறவன், தகடு சுமக்கிறவன் என்று ஆளாளுக்குக் கொஞ்சம் கரைத்து எடுத்துப்போவார்கள். தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் கப்பல் கதவுதான், கப்பல் நாற்காலிதான். எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் வட்டமாக இருக்கும். அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே சமைத்தால் குழம்பு லேசாக ஆடும்.

களத்து முதலாளிக்குத் 'தராசு' என்று பெயர். எதைப் பார்த்தாலும் எடைதான் கேட்பார். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பையனின் எடையைத்தான் முதலில் கேட்டாராம்.

அங்கே கொதிகலன் பார்ப்பவர் 'நீராவி'. மெலிந்த மனிதர். கோபம் வந்தால் மூக்கு வழியாக உஸ்ஸென்று ஒரு சத்தம் விடுவார், அதனால் அந்தப் பெயர். அவருடைய மனைவி களத்து வாசலில் டீக்கடை வைத்திருந்தாள். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் மோட்டாருக்குக் காயில் சுற்றுபவர். 'கம்பி' என்றால்தான் தெரியும். தெருக்கோடியிலிருந்து ஒரு வீடு விட்டுத்தான் அவர் வீடு.

மாப்பிள்ளையும் மச்சானும் பேசிக்கொள்வதில்லை. பல வருஷமாயிற்று. காரணம் ஒரு மேஜை ஃபேன். தங்கை வீட்டு ஃபேன் நின்றுபோனது என்று கம்பி ஆசையாகக் காயில் சுற்றி மாட்டிக் கொடுத்தார். ஊர் கூடியிருந்த நேரம். நீராவி அதன் முன்னால் உட்கார்ந்து, முகத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "இது காத்து வீசுதா, கொட்டாவி விடுதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கம்பி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்தான். அந்த ஃபேன் பிறகு நின்றேபோனது. சண்டை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

இருவருக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அந்த டீக்கடை அம்மாள். அதனால் களத்தில் அவளுக்குத் 'தபால்' என்றே பெயர். ஆறடி தூரத்தில் இருவரும் நின்றுகொண்டிருந்தாலும் பேச்சு அவள் வழியாகத்தான் போகும். வசவைச் சேர்த்து அனுப்பினால் எடை கூடும் என்று அதை எடுத்துவிட்டு, மரியாதையை ஒட்டி அனுப்புவாள். "அந்த மொட்டைத்தலையன்கிட்ட சொல்லு, அவன் போட்ட ஒயர்ல துணிகூடக் காயப்போட முடியாது" என்று இவர் கத்துவார். அவள் திரும்பி, "அண்ணே, ஒயரை இன்னும் கொஞ்சம் இறுக்கினா நல்லாருக்குமாம்" என்பாள். மூலமும் காதில் விழும், நகலும் காதில் விழும். இருந்தாலும் நகல் மட்டுமே விழுந்ததாகத்தான் இருவரும் நடந்துகொள்வார்கள்.

அந்த வருஷம் ஒரு கிழட்டுக் கப்பல் வந்தது. எவ்வளவு கிழடு என்றால், அதிலிருந்த எலிகளுக்கு மீசை நரைத்திருந்தது. ஒன்றிரண்டு தடி ஊன்றித்தான் இறங்கின. நீராவி அதன் எந்திர அறையில் இறங்கி, குழாய்களைக் கழற்றிக்கொண்டு வரும்போது ஓர் இரும்புச் சுவரை ஸ்பேனரால் தட்டியிருக்கிறார். அது அவருக்குப் பழக்கம். மனைவியின் தோசைக்கல்லைக்கூடத் தட்டிப் பார்ப்பார். சுவர் கொடுத்த சத்தம் சரியில்லை. அறையின் நீளம் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வெட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் இன்னோர் அறை. கல்லாகிப்போன பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே, சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது அது.

கப்பலில் முதன்முதல் மின்விளக்கு போட்ட காலத்து எந்திரம். ஒரே இரும்புப் பீடத்தில் இந்த முனையில் ஒரு நீராவி எந்திரம்: ஆளுயரச் சிலிண்டர், கீழே தண்டு, சக்கரம். அந்த முனையில் டைனமோ: குதிரை லாடம்போல் வளைந்த பெரிய இரும்பு, அதில் தலையணை பருமனுக்குக் காயில்கள், நடுவில் சுற்றுகிற உருளை. நீராவி இதைச் சுற்றும், சுற்றினால் அதில் மின்சாரம் பிறக்கும். அவ்வளவுதான். பிற்காலத்தில் டீசல் வந்ததும், இதை வெளியே எடுக்கச் சோம்பல்பட்டு, முன்னால் ஒரு சுவரை வைத்து மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் வீட்டிலும் பழைய சாமான்களுக்கு அதே வைத்தியம்தான்.

எந்திரத்தை அப்படியே இறக்கிக் களத்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, சிலிண்டரைத் திறந்தபோது உள்ளே நண்டு. அது வெளியே வருவதற்கான ஓட்டையைவிட நண்டு பெரிதாக இருந்தது. குஞ்சாக நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, குடும்பப் பொறுப்பில்லாமல் இருந்திருக்கிறது. நீராவி அதைக் கையில் எடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கீழே விட்டார். அது போகவில்லை. கொட்டகையிலேயே தங்கிவிட்டது.

தராசு வந்து பார்த்தார். "எவ்வளவு கிலோ செம்பு இருக்கும்?" என்றார்.

"முதலாளி, இதை வெட்டக் கூடாது," என்றார் நீராவி. "துறைமுகத்து அருங்காட்சியகத்துக்காரங்க போன மாசம் வந்து கேட்டாங்கல்ல? ஓடுற பழைய எந்திரம் இருந்தா எடுத்துக்கிறோம்னு?"

"ஓடுறதுன்னு சொன்னாங்க. நண்டு குடியிருக்கறதுன்னு சொல்லல."

"நான் ஓட வெக்கிறேன்."

"இந்த முனைய ஓட வெப்ப. அந்த முனைய?"

நீராவி உஸ்ஸென்றார். களத்தில், ஏன் அந்தக் கடற்கரையிலேயே, அந்த முனைக்கு ஒரே ஆள்தான். அது எல்லோருக்கும் தெரியும்.

தராசு மனமிரங்கினார். அவரளவில் அது மனமிரக்கம்தான். "அடுத்த கப்பல் வர வரைக்கும் கொட்டகை உனக்கு. கடல் ஏறி அது கரை தட்டற அன்னிக்கு பல்பு எரியணும். எரிஞ்சா முழுசா அனுப்பிடலாம். எரியலன்னா வெட்டுற ஆளோட வருவேன்."

அந்தச் சமயம் கம்பியும் ஊரைவிட்டுப் போகிறதாக இருந்தார். மனைவி போனபின் தனிக்கட்டை. தூரத்து ஊரிலிருந்த மகன் வந்து கூட இருங்கள் என்று சொல்லிவிட்டான். சாமானெல்லாம் கட்டியாயிற்று. தபாலம்மா அண்ணன் வீட்டுக்குப் போனபோது நானும் டீ கிளாஸைத் திருப்பிக்கொடுக்கிற சாக்கில் கூடவே போனேன்.

"இது ஒண்ணு மட்டும் செஞ்சு குடுத்துட்டுப் போண்ணே," என்றாள்.

"அந்தாளு கேக்கச் சொன்னானா?"

"அவரு எதுக்குக் கேக்கறாரு. நான் கேக்கறேன்."

"கொட்டாவி விடுற காயிலு சுத்துறவன்கிட்ட எதுக்காம்?"

"அண்ணே, அந்த ஃபேன் செத்தே எத்தனையோ வருஷமாச்சு."

"செத்தா என்ன? பேச்சு சாகலியே."

அவள் கண் கட்டிவைத்த மூட்டைகளுக்குப் போயிற்று. பிறகு சொன்னாள்: "பல்பு எரியுதோ இல்லியோ, எனக்கு அதெல்லாம் தெரியாது. நீ ஊரைவிட்டுப் போறதுக்குள்ள அவருகிட்ட நேரா ஒரு வார்த்த பேசிட்டுப் போ. எனக்கு இருக்கறது ஒரு அண்ணன், ஒரு புருஷன். ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்து நடந்து என் கால் தேஞ்சு போச்சு."

கம்பி மூட்டை ஒன்றை அவிழ்த்து, வார்னிஷ் டப்பாவையும் பருத்தி நாடாவையும் வெளியே எடுத்தார்.

அதன்பிறகு அந்தக் கொட்டகை இரண்டு நாடாயிற்று. எந்திரத் தண்டையும் டைனமோ தண்டையும் சேர்க்கிற இடம்தான் எல்லை. தெருப்பக்கம் நீராவியின் முனை, கடற்பக்கம் கம்பியின் முனை. இவர் அந்தப் பக்கம் போகமாட்டார், அவர் இந்தப் பக்கம் வரமாட்டார். சுத்தியல் எல்லை தாண்டி உருண்டால், தபாலம்மா டீக்கடையிலிருந்து வந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் தடையில்லாமல் போய்வந்தவர்கள் அவளும் நண்டும்தான். நான் நடுவில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். நடுநிலைமை.

வேலை என்றால் அதுதான் வேலை. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். நீராவி ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற மாதிரி தேய்த்து, பிறகுதான் ஸ்பேனரை வைப்பார். தண்டு உட்காரும் தாங்கிகளில் விளக்குக் கரியைப் பூசி, தண்டை வைத்து ஒரு சுற்றுச் சுற்றி, எங்கே கரி அழுந்தியிருக்கிறதோ அங்கே மயிரிழை சுரண்டுவார். திரும்பப் பூசுவார், திரும்பச் சுரண்டுவார். ஒருநாள் அவர் சுரண்டிய தூளை ஊதிவிட்டதில், கீழே படுத்திருந்த கறுப்புப் பூனை வெள்ளிப் பூனையாக எழுந்துபோனது.

கம்பி அந்த முனையில் காயில்களை அவிழ்த்தார். உள்ளிருந்த பழைய துணி தொட்டால் பொடியாக உதிர்ந்தது. செம்புக் கம்பியைத் துடைத்து, புதுநாடா சுற்றி, வார்னிஷில் முக்கி எடுத்தார். மழையில் அது காயவில்லை. தங்கையின் டீக்கடையில் ரொட்டி சுடுகிற அடுப்பு இருந்தது. அதற்குள் வைத்துக் காயவைத்தார்கள். அந்த வாரம் முழுக்க ரொட்டியில் வார்னிஷ் வாசனை. சாப்பிட்டவர்கள் யாருக்கும் மழையில் உடம்பு நனையவில்லை. தண்ணீர் மேலே ஓடிவிட்டது. இன்னமும் சிலர் அந்த ரொட்டியைக் கேட்கிறார்கள்.

ஒருநாள் கம்பி தலையைத் தூக்கினார். "தங்கச்சி, எந்திரம் எந்தப் பக்கமா சுத்தும்னு கேளு. அதுக்குத் தக்கபடிதான் நான் ஒயரு சேக்கணும். மாறிப்போச்சுன்னா ஒண்ணும் பொறக்காது."

"ஏங்க, எந்தப் பக்கமா சுத்துமாம்?"

நீராவி தன் முனையில் நின்று, சக்கரத்தைப் பார்த்து, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். "கடிகார முள்ளு சுத்துற பக்கமா சுத்தும்னு சொல்லு."

"கடிகாரப் பக்கமாம்ணே."

கம்பி தன் முனையில் நின்று, உருளையைப் பார்த்து, விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். "கடிகாரப் பக்கம். சரி." குனிந்து ஒயரைச் சேர்த்தார்.

நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நண்டு மட்டும் எல்லையில் நின்று இரண்டு கண்களையும் இரண்டு பக்கம் திருப்பிப் பார்த்தது. அதன் கருத்தை யாரும் கேட்கவில்லை.

கடல் ஏறுகிற நாள் வந்தது. விடியும்போதே தூரத்தில் அடுத்த கிழம், எங்களுக்குப் புதுக்கப்பல், தெரிந்தது. களத்துக் கொதிகலனில் கப்பல் பலகைகளைப் போட்டு நீராவி தீ மூட்டினார். வெட்டுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு தராசு வந்து வாசலில் நின்றார். அந்த ஆள் காஸ் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம் முதலாளி?" என்று, பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி கேட்டான்.

கப்பலிலேயே கிடைத்த பழைய பல்பு ஒன்றை, பித்தளைக் கூண்டோடு உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். நீராவி வால்வைத் திறந்தார். சிலிண்டர் ஒரு தும்மல் போட்டது. தண்டு அசைந்தது. டபக், டபக் என்று தொடங்கி, டபடபவென்று பிடித்துக்கொண்டது. சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. பீடத்தின் மேல் வைத்த டீ கிளாஸில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

பல்பு எரியவில்லை.

"சொல்லு," என்றார் நீராவி, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எந்திரம் ஓடுது. காயிலுதான் கொட்டாவி விடுதுன்னு சொல்லு."

"அண்ணே, எந்திரம் நல்லா ஓடுதாம். காயிலை ஒருதரம் பாக்கச் சொல்றாரு."

"என் காயிலுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு. இரும்புக்குள்ள பழைய காந்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கணும். அதுதான் வெத. அவன் சுத்தியலால அடிச்ச அடியில அது ஓடிப்போயிருக்கும்னு சொல்லு."

"ஏங்க, காந்தம் கொஞ்சம் கொறஞ்சிருக்குமாம்."

லாரி பாட்டரி ஒன்றைக் கொண்டுவந்து காயிலில் தொட்டுக் காந்தத்தை ஊட்டினார்கள். திரும்ப ஓட்டினார்கள். பல்பு அப்படியே இருந்தது. தராசு வானத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், வெட்டுகிற ஆளைப் பார்த்தார்.

பிறகு கிளம்பியது தபால். அவ்வளவு தபால் அந்தக் கொட்டகையில் ஒருநாளும் போனதில்லை. இவர் அவருடைய தொழிலைச் சொன்னார், அவர் இவருடைய மூக்கைச் சொன்னார். இவர் ஃபேனைச் சொன்னார். அவர், தங்கையைக் கட்டிக்கொடுத்த அன்றைக்கே மழை பெய்ததைச் சொன்னார். தபாலம்மா இந்தப் பக்கம் திரும்பி ஒன்று, அந்தப் பக்கம் திரும்பி ஒன்று என்று, வசவைப் பிரித்து மரியாதையை ஒட்டி, மூச்சு வாங்க ஓடினாள். திடீரென்று நின்றாள். கையிலிருந்த டீத் தட்டைத் தரையில் வைத்தாள்.

"தபாலாபீஸ் மூடியாச்சு," என்றாள்.

"என்னது?" என்றார்கள் இருவரும்.

"மூடியாச்சு. இனிமே ஒரு கடுதாசி எடுக்க மாட்டேன். அண்ணன் நாளைக்குப் பஸ் ஏறுவாரு. நீங்க இந்த முனையில நில்லுங்க, அவரு அந்த ஊர்ல நிக்கட்டும். நடுவுல நான் எத்தன மைல் ஓடறது?"

வந்து என் பக்கத்தில் இன்னொரு டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். முகத்தைப் பார்த்தால் பேச்சுக் கொடுக்கிற மாதிரி இல்லை.

கொட்டகையில் ஆவி கசிகிற சத்தம் மட்டும். எந்திரம் மெல்ல, சும்மா ஒரு பேச்சுக்கு ஓடுகிற மாதிரி, சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நீராவிக்குப் பொறுக்கவில்லை. கீழே பார்த்து, நண்டிடம் சொன்னார்: "ஒயரைத் தப்பா சேத்தவங்க ஒத்துக்கறது இல்ல."

நண்டு கடல்முனைக்கு நடந்தது. கம்பி அதனிடம் சொன்னார்: "பக்கத்தத் தப்பா சொன்னவங்களும் ஒத்துக்கறது இல்ல."

நண்டு திரும்ப வந்தது. நாலைந்து முறை இப்படிப் போய்வந்ததும் அதுவும் களைத்து, பீடத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இனி யாரும் இல்லை.

"கடிகாரப் பக்கம்தான்னு சொன்னேன்ல?" என்று நீராவி நேராகவே கத்திவிட்டார். "அந்தா சுத்துதுல்ல? கண்ணு தெரியலயா?"

"தெரியுது! நல்லா தெரியுது! எதிர்ப்பக்கமா சுத்துது!"

"எதிர்ப்பக்கமா? வந்து பாருங்க! இங்க வந்து நின்னு பாருங்க!"

கம்பி வந்தார். எல்லையைத் தாண்டி, ஒயரை மிதிக்காமல், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அவரைத் திருத்துவதற்காக நீராவியும் விறுவிறுவென்று அந்தப் பக்கம் போனார். ஒருவர் முனையில் ஒருவர் நின்று, சோம்பலாகச் சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தார்கள்.

கம்பியின் வாய் திறந்தது. "கடிகாரப் பக்கம்தான் சுத்துது."

"இல்லயே," என்றார் அந்த முனையிலிருந்து நீராவி, மெதுவாக. "நீங்க சொன்னதுதான் சரி. எதிர்ப்பக்கம்."

"இல்ல மாப்ளே, நீங்க சொன்னதுதான் சரி."

"எங்க மச்சான் சரி, இங்க வந்து பாருங்க..."

இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எந்திரத்தில் கோளாறு இல்லை. ஒரே தண்டு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம், கடலிலிருந்து பார்த்தால் மறுபக்கம். சொன்னது இரண்டும் சரி. அதனால்தான் பல்பு எரியவில்லை.

தபாலம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகை என்றாள். கொதிகலனின் புகைபோக்கி வெளியே இருந்தது, காற்றும் எதிர்ப்பக்கம் அடித்தது. எனக்கும் புகைதான்.

"மொதல்ல சாப்பிடுங்க," என்றாள். "காலைலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல."

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். இரண்டு முனையில் ஏதாவது ஒன்றை மாற்றினால் போதும். ஆனால் பல வருஷம் பேசாதவர்கள் பேச ஆரம்பித்தால் ஊருக்குத் தொல்லை.

"நான் மாத்திடறேன் மச்சான். என் தப்புதான். வால்வுத் தண்டைக் கொஞ்சம் திருப்பிட்டா எந்திரம் மறுபக்கம் சுத்தும்."

"நீங்க எதுக்கு மாப்ளே அத்தனையும் கழட்டிக்கிட்டு? எனக்கு ரெண்டே ரெண்டு ஒயரு."

"சும்மாருங்க, பெரியவங்க நீங்க."

"நீங்கதான் தங்கச்சியக் கட்டினவரு."

முடிவு ஏதும் ஆகாமலே சாப்பிடப் போனார்கள். வறுத்த மீனும் சூடான சோறும். நீராவி ஒரு வாய் வைத்துவிட்டு, "தீய ஒருதரம் பாத்துட்டு வந்துடறேன்," என்று எழுந்தார். அவர் திரும்பி வந்ததும் கம்பி, "கை கழுவிட்டு வந்துடறேன்," என்று எழுந்தார். குழாய் பக்கத்திலேயே இருந்தது. அவர் கொட்டகைக்குப் போய்க் கழுவினார். நான் எல்லாவற்றையும் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டால் எனக்குக் கவனம் கூடும்.

வெற்றிலைக்குக்கூட நிற்காமல் தராசும் வந்துவிட்டார். புதுக்கப்பல் கரைக்கு நேராகத் திரும்பி நின்றது. அதன் சங்கு ஒருமுறை ஊதியது. வால்வு திறந்தது. டபடபவென்று எந்திரம் எடுத்தது. மாப்பிள்ளையும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்து, ரகசியம் தெரிந்த குழந்தைகள்போல் சிரித்துக்கொண்டார்கள்.

பல்பு எரியவில்லை.

வெட்டுகிற ஆள் தீக்குச்சியைக் கிழித்தான். காஸ் நாக்கு நீலமாக நீண்டது.

"கொஞ்சம் நில்லுப்பா," என்று தபாலம்மா நடுவில் வந்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கணவனின் கையில் புதுக் கிரீஸ். அண்ணனின் விரலில் செம்புக் கறை. "சாப்பிடறப்ப எழுந்து போனீங்களே. யாரு மாத்தினது?"

"நான்தான்," என்றார்கள் இருவரும்.

"ரெண்டு பேருமா?"

"மச்சான் எதுக்குக் குனியணும்னுதான்..."

"மாப்ளே எதுக்குக் கழட்டணும்னுதான்..."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "சண்ட போட்டாலும் இருட்டு, சமாதானமானாலும் இருட்டு! சாமி, உங்க வீம்புக்குக் கூட நடுவுல நின்னுட்டேன், உங்க மரியாதைக்கு நிக்க முடியல. ரெண்டு பேரும் கையக் கட்டுங்க. கட்டுங்கன்னா!"

கட்டினார்கள். தராசும் பயத்தில் கட்டிக்கொண்டார்.

"எந்திரத்த நிறுத்துங்க. அண்ணே, எந்த ஒயரு? தொடாத, வாயால சொல்லு."

"சிவப்பு நாடா சுத்தினது ஒண்ணு, அதுக்குக் கீழ வெள்ள ஒண்ணு. அதை இதுலயும், இதை அதுலயும்."

அவள் இடுப்பில் முந்தானையைச் செருகி, கடல்முனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு திருகாணியைக் கழற்றி, இரண்டு ஒயரை இடம் மாற்றி, இறுக்கினாள். டீ வடிகட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. எழுந்து முந்தானையை உதறினாள். "இப்ப ஓட்டுங்க. அதுக்கப்புறம் யாராவது எதையாவது தொட்டீங்க, ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது."

எந்திரம் எடுத்தது. பல்பின் உள்ளே ஒரு புழு சிவந்தது. கூச்சப்படுகிற மாதிரி இன்னும் கொஞ்சம் சிவந்தது. பிறகு ஆரஞ்சு. பிறகு...

மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்த நடுப்பகல் அது. அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பல்பு எரிந்த எரிப்பில் வெயிலுக்கு நிழல் விழுந்தது. தெருவில் துணி காயவைத்தவர்கள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் காய்ந்துவிட்டது என்று எடுத்துப்போனார்கள். சேவல்கள் குழம்பி இரண்டாம்முறை கூவின. கடலில் மீன்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போயின. புதுக்கப்பலின் மாலுமி அதைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்து, அதை நோக்கியே நேராக ஓட்டிவந்து, இந்தக் களத்தின் சரித்திரத்தில் எவரும் முட்டாத அழகில் மணலில் முட்டினான்.

வெட்டுகிற ஆள் காஸை மூடிவிட்டுக் கும்பிட்டான். தராசு வெகுநேரம் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "வெளிச்சம் எவ்வளவு எடை இருக்கும்?" என்றார். பிறகு அவரே, "எடையே இல்ல போலிருக்கு," என்று சொல்லிவிட்டு, செம்பை மறந்து வீட்டுக்குப் போனார்.

எந்திரம் முழுதாக, நண்டோடு, அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. நண்டின் பெயரையும் பலகையில் எழுதியிருக்கிறார்கள் என்று கேள்வி.

கம்பி மறுநாள் ஊருக்குக் கிளம்பினார். வழியனுப்பப் போன நீராவி, பஸ் நிறுத்தத்தில் ஏதோ வால்வைப் பற்றி ஒரு வார்த்தை ஆரம்பித்தார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறலாம் என்று உட்கார்ந்தார்கள். அதுவும் டைனமோ பிரஷ் பற்றிய பேச்சில் போய்விட்டது. மழைக்காலம் முடிந்து வெயில்காலம் வந்தது. மகன் வந்து, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, கடைசியில் அவனே அந்தப் பேச்சில் உட்கார்ந்துவிட்டான். கம்பி இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார். மூட்டைகள் கட்டியது கட்டியபடி தங்கை வீட்டில் கிடக்கின்றன. அவிழ்த்தது ஒன்றே ஒன்று. அதிலிருந்து செம்புக் கம்பியை எடுத்து அந்த ஃபேனுக்குத் திரும்பக் காயில் சுற்றிக் கொடுத்தார். நீராவி அதன் முன்னால் உட்கார்ந்து முகத்தை நீட்டினார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"புயல் மச்சான்," என்றார்.

தபாலம்மாவுக்கு இப்போது வேலை இல்லை. "ரெண்டு பேரும் பேசற பேச்சுல எனக்கு ஒரு வார்த்த எடம் கிடைக்கல," என்று குறைப்பட்டுக்கொள்கிறாள். குறைப்பட்டுக்கொண்டே, காலை நீட்டி உட்கார்ந்து, தானே போட்ட டீயைத் தானே ஆறவைத்துக் குடிக்கிறாள். அப்படி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

நம்பாதவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். வழி சுலபம்: எந்தத் திசையில் ரயில் ஏறினாலும் கடலைப் பார்க்க இரண்டு நாள் ஆகும் ஊர் எது என்று கேளுங்கள், எங்கள் ஊரைத்தான் காட்டுவார்கள்.